பழைய டிவி கம்ப்யூட்டர்: 300 வெள்ளி போட்டு மூன்று வருடம் ஓட்டியாச்சு

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி 2012-லிருந்து உட்கார்ந்திருக்கிறது. ஐ3-2100 சிப், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு தவுக்கேதான் (முதலாளி) அப்போது பூட்டிக் கொடுத்தார். 2023 தொடக்கத்தில் அது கிட்டத்தட்ட படுத்துவிட்டது. திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், குரோம் 110-வது பதிப்போடு விண்டோஸ் 7-க்கான ஆதரவும் நின்றுபோனது, போதாக்குறைக்கு அக்கா மகன் தன் போனில் எடுத்த தைப்பூச வீடியோவைப் போட்டால் காவடி ஓரிடத்தில் நிற்கும், உறுமிச் சத்தம் மட்டும் முன்னால் போய்விடும். "மாமா, உங்க பெட்டிக்கு மூச்சு வாங்குது" என்று அவன் சிரித்தான். தவுக்கேயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மூடியைக்கூடத் திறக்காமல் "பெலி பாரு லா" என்றார். புதிது வாங்கச் சொல்கிறார். கையில் இருந்ததோ 300 வெள்ளி (ரிங்கிட்).

முதலில் காசே செலவில்லாத வேலை. மூடியைக் கழற்றினால் சிப்புக்கு மேல் இருக்கும் விசிறி, கம்பளி போர்த்தியது போல் தூசு. நாங்கள் இருப்பது செம்பனை லாரி போகும் ரோட்டோரம், செம்மண் எங்கே போகும்? பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, 8 வெள்ளிக்கு, சிப்பின் சூட்டைக் கடத்தும் ஒரு தெர்மல் பேஸ்ட் வாங்கிப் போட்டேன். அப்புறம் 3 வெள்ளிக்கு மதர்போர்டின் காசு வடிவப் பேட்டரி, சிஆர்2032. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போது கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும், தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று தடுக்கும், நானோ மாதக்கணக்கில் வைரஸ் என்று நினைத்து ஒவ்வொரு ஸ்கேனராக ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வெள்ளி!

அடுத்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டில்லாத வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி, 75 வெள்ளி. எச்61 போர்டில் இருப்பது எல்லாம் டிஸ்க்கைக் குத்தும் பழைய 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்தான், எவ்வளவு வேகமான எஸ்எஸ்டி வாங்கினாலும் பாதி வேகத்தில்தான் ஓடும். அதனால் மலிவானதே போதும் என்று முடிவெடுத்தேன், இன்றுவரை வருத்தமில்லை. திறக்க 25 விநாடி ஆகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை வீடியோ போட்டு வைக்க மட்டும் வைத்துக்கொண்டேன். கூடவே இரண்டாங்கையில் 4 ஜிபி ராம், 30 வெள்ளி. படம் பார்க்க அது தேவையே இல்லை. அக்கா மகன் பிரவுசரில் பதினைந்து பக்கம் திறந்து வைத்துவிட்டுப் போகிறான், அவனுக்குத்தான் லாபம்.

இனி வீடியோவின் திக்கல். எஸ்எஸ்டி போட்டும் தைப்பூச வீடியோ அசையவில்லை. எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது. இப்போதைய போன்கள் பல, வீடியோவை எச்இவிசி என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. 2011-இல் வந்த ஐ3-2100-க்கு எச்.264 போன்ற பழைய முறைகள்தான் தனி சர்க்யூட்டில் ஓடும், எச்இவிசி என்றால் சிப் தன் இரண்டு கோரையும் போட்டு முட்டிக்கொண்டு கணக்குப் பண்ண வேண்டும், 4கே வந்தால் முடியாது. இதற்கு ராமோ எஸ்எஸ்டியோ மருந்து இல்லை. அந்த வேலையைத் தானே செய்யும் கிராஃபிக்ஸ் கார்டுதான் வேண்டும். மலிவு என்று ஜிடி 710 எடுக்கப் போனேன், நல்லவேளை எடுக்கவில்லை, அதிலும் எச்இவிசிக்கான சர்க்யூட் கிடையாது. ஜிடி 1030-இல் உண்டு. ஆனால் நான் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதாக இருந்தேன், அங்கே ரேடியான் வகைக் கார்டுக்கு டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலோடு வந்துவிடும், ஆகவே இரண்டாங்கை ஆர்எக்ஸ் 550, 160 வெள்ளி. 50 வாட்தான், தனி பவர் வயர் வேண்டாம். போட்டதும் திரை கறுப்பாகவே இருந்தது, வயிறு கலங்கிவிட்டது. கார்டைக் கழற்றி மதர்போர்டின் பயாஸை (பெட்டியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) புதுப்பித்த பிறகுதான் வந்தது. உங்களுடையது இந்த வயது போர்டு என்றால் கார்டு வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை. ஐ3-2100-இன் உள் கிராஃபிக்ஸால் 23.976 ஃபிரேம் வேகத்தைச் சரியாகக் கொடுக்க முடியாது, 24-ஆகவே கொடுக்கும். அதனால் சுமார் 40 விநாடிக்கு ஒரு தடவை படம் லேசாகக் குலுங்கும். பத்து வருடம் அதை டிவியின் கோளாறு என்றே நம்பியிருந்தேன். கார்டு மாறியதும் போய்விட்டது.

விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் 21, அதன் மேல் படம் போட 'கோடி' என்ற மென்பொருள். மின்ட் 21-க்கு 2027 வரை ஆதரவு உண்டு. கோடி அமைப்பில் விஏஏபிஐ என்ற முடுக்கியை இயக்கினால் காவடி நகர்கிறது, உறுமியும் கூடவே வருகிறது, சிப்பின் உழைப்பு பத்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. குறையும் உண்டு: யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற சுருக்கும் முறையை இந்தக் கார்டு லினக்ஸில் தூக்காது, அதனால் அங்கே 4கே வேண்டாம். எங்கள் டிவியே 1080தான் என்பதால் நான் அதற்கு அழவில்லை.

அம்மாவுக்காக 35 வெள்ளிக்கு ஒரு ஏர் மவுஸ் ரிமோட். ஆகச் செலவு 311. பதினொரு வெள்ளி கூடிவிட்டது, அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

மூன்றாவது மாதம் ஒரு இரவு "டப்" என்று ஒரு சத்தம், கருகல் வாடை. பவர் சப்ளைக்குள் பல்லி. சூடான இடம் தேடிப் போய்ப் படுத்து, பாவம், அதுவும் போய் என் 105 வெள்ளியும் போனது. இப்போது பின்பக்கத் துளைகளில் கொசு வலைத் துண்டை ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒரு தடவை கழுவாவிட்டால் தூசு அடைத்துப் பெட்டி சூடாகிறது. அடுத்த வருடம் மழைக்காலத்தில் மின்னல், மோடத்திலிருந்து வந்த கேபிள் வழியாக நெட்வொர்க் போர்ட்டைச் சுட்டது. மதர்போர்டு தப்பியது. 25 வெள்ளி யுஎஸ்பி லேன் அடாப்டர் குத்தி ஓட்டுகிறேன். எல்லாரும் பிளக்கில் சர்ஜ் பாதுகாப்பு போடுகிறோம், நெட் கேபிளை மறந்துவிடுகிறோம். வானம் இருண்டால் இப்போது இரண்டையும் பிடுங்குவது அம்மாவின் வேலை.

கூட்டினால் 441 வெள்ளி.

வேலைக்கு ஆகுமா என்று கேட்டால், எனக்கு ஆனது விசிடியால். அக்கா கல்யாணம் 2003-இல், மூன்று தட்டு. அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம், பந்தல் போட்டது லயத்துக்கு முன்னால் இருந்த திடலில். அந்த லயம் இப்போது இல்லை, இடமெல்லாம் செம்பனை. பெட்டியில் பழைய டிவிடி டிரைவ் இருந்ததால் காப்பி எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். லினக்ஸில் சாதாரணக் கோப்பு போல் இழுத்துப் போட்டால் பிழைதான் வரும், ஏனென்றால் விசிடியில் வீடியோ இருக்கும் பகுதி வேறு மாதிரி எழுதப்பட்டது, ஒரு செக்டரில் 2048-க்குப் பதில் 2324 பைட், இடம் மிச்சம் பிடிக்கப் பிழைதிருத்தத் தகவலைக் குறைத்திருப்பார்கள். விசிடிஇமேஜர் தொகுப்பில் இருக்கும் விசிடிஎக்ஸ்ரிப் என்ற கருவி அதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தது. 352-க்கு 288 படம், 40 அங்குல டிவியில் முகமெல்லாம் சதுரம் சதுரமாக இருக்கிறது, ஆனாலும் அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டுவது நன்றாகத் தெரிகிறது. அம்மா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார். மூன்றாவது தட்டில் பூஞ்சை, இன்னும் படிக்கவில்லை.

தினசரித் தொல்லை ஒன்றுதான் பாக்கி. டிவியை அணைத்துப் போட்டால் சில நேரம் சத்தம் எச்டிஎம்ஐயிலிருந்து வேறெங்கோ மாறிவிடும், நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் பண்ணுவார், "ஐயா, வாய் அசையுது, பேச்சு வரலை". அணைத்துத் திறந்தால் சரியாகிவிடும்.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான் செய்ததை அப்படியே செய்யாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் ஏற்கும். அதனால் ஆபீஸ்களில் கழித்துப் போடும் சின்னப் பெட்டிகளில் ஏழாம் தலைமுறை கிடைத்தால் விடாதீர்கள். 10-பிட் எச்இவிசியும் விபி9-உம் அதன் சிப்புக்குள்ளேயே உண்டு, தனிக் கார்டு வேண்டாம், லினக்ஸ் ஜோராக ஓடும். ஒன்றே ஒன்று, விசிடி இருக்கிற வீடு என்றால் வெளியில் குத்தும் டிவிடி டிரைவ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது.