மான்ஸ்டர் ஹண்டர்: சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் கருவிகளில் விற்ற விதம்

ஜப்பானிய நிறுவனமான கேப்காமின் மான்ஸ்டர் ஹண்டர் என்ற வீடியோ கேம் தொடர் 2004-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 2-இல் தொடங்கியது என்றாலும், ஜப்பானில் அதைப் பெருங்கூட்டத்திடம் கொண்டு சேர்த்தது சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிதான். நான்கு பேர் அருகருகே அமர்ந்து, கம்பியில்லா இணைப்பில் ஒன்றாக வேட்டையாடும் பழக்கம் அங்கே பரவியிருந்ததால், 2010-இல் பிஎஸ்பிக்கு வந்த 'போர்ட்டபிள் தேர்ட்' என்ற ஆட்டம் ஏறத்தாழ 49 லட்சம் பிரதிகள் விற்றது. மேற்கு நாடுகளில் அந்த ஆட்டம் வெளியிடப்படவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் கனம் புரியும்.

அந்தச் செல்வாக்கைச் சோனியின் சொத்து என்று எண்ணுவதற்கில்லை. பிளேஸ்டேஷன் 3-க்காகத் திட்டமிடப்பட்ட மூன்றாம் ஆட்டம் நின்டெண்டோவின் வீட்டுக் கருவியான வீ-க்கு (Wii) மாறி, 2009-இல் வெளிவந்தபோது, அதன் விற்பனை பிஎஸ்பி எண்ணிக்கையை நெருங்கவில்லை. ஆனால் அதே நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸில் 2013-இல் வந்த நான்காம் ஆட்டம் 40 லட்சத்தைத் தாண்டியது. பிஎஸ்பியின் வாரிசான வீட்டாவுக்கோ முதன்மை வரிசையின் புதிய ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை. ஆகவே அக்காலத்து ஜப்பானிய ரசிகர்கள் நிறுவனத்தைவிட, கையில் எடுத்துச் சென்று நண்பர்களோடு ஆடும் வசதியைத்தான் பின்தொடர்ந்தார்கள் என்றே கருதுகிறேன்.

2018 ஜனவரியில் வந்த 'மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்டு' இந்தக் கணக்கை மாற்றியது. பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியாகி, இணையவழிக் கூட்டாட்டத்தை முன்வைத்த அது, மூன்றே நாளில் 50 லட்சத்தைத் தொட்டது. பின்னர் கணினிப் பதிப்பும் சேர்ந்து மொத்தம் 2 கோடியைக் கடந்தது. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு மட்டுமாக 2021 மார்ச்சில் வந்த அடுத்த ஆட்டமான 'ரைஸ்'ஸும் முதல் மூன்று நாளில் 40 லட்சம் பிரதிகளைக் கடைகளுக்கு அனுப்பியது. ஒற்றைக் கருவியில் இந்த எண் கிடைத்தது என்பதால், தளம் ஒன்றுக்கான வேகத்தில் ரைஸே முந்தியது என்று சொல்ல இடமுண்டு.

மைக்ரோசாஃப்டின் பங்கை அளப்பதுதான் கடினம். வேர்ல்டின் விற்பனையைக் கேப்காம் தளவாரியாகப் பிரிக்காமல் ஒரே எண்ணாகவே வெளியிடுகிறது. தொடரின் தாய்ச்சந்தையான ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் எப்போதுமே வலுவிழந்தே இருந்துவந்துள்ளது. ரைஸ் 2023 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த நாளிலேயே பல ஆட்டங்களை மாதக் கட்டணத்தில் ஆடத் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் சேர்க்கப்பட்டதால், அங்கு ஆடியவர்களில் பலர் ஆட்டத்தைத் தனியே வாங்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆடியவர் தொகையும் வாங்கியவர் தொகையும் இப்படி விலகிப்போன தளத்தை, மற்ற இரண்டோடு அதே தராசில் வைப்பது நியாயமன்று.

2025 பிப்ரவரி 28-இல் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி ஆகியவற்றில் வெளிவந்த 'வைல்ட்ஸ்' என்ற ஆட்டம், மூன்று நாளில் 80 லட்சத்தையும் ஒரு மாதத்தில் 1 கோடியையும் எட்டிய பிறகு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கணினிப் பதிப்பின் செயல்திறன் குறித்த புகார்கள் இதற்கு ஒரு காரணம். ஜப்பானில் மிகுதியானோர் கைவசம் வைத்திருக்கும் நின்டெண்டோ கருவிக்கு அது வராததும் இன்னொரு காரணமாக இருக்கக்கூடும்.