புரட்டாசி சனிக்கிழமையில் மீன் சூப்: ஊட்டியில் சூஷி சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஊட்டியில் புதிதாக வந்திருக்கும் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் 4,620 ரூபாய் கொடுத்துவிட்டு, அம்மாவின் விரதத்தையும் கெடுத்துக்கொண்டு, மனைவியை டாக்டரிடம் காட்டிவிட்டுக் குன்னூர் திரும்பினோம். கடை பெயரைப் போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் சீசனுக்கு மேலே வருகிறவர்கள் இந்த மாதிரி கடைகளில் உட்காரும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

போனது என் மச்சானுக்காக. மனைவியின் தம்பி. நாகோயாவில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தான். "மாமா, நம்ம ஊர்லயே சூஷி கிடைக்குதாம், வாங்க போய்ப் பார்ப்போம்" என்றான். சூஷி என்றால் வினிகர் கலந்த சோற்றோடு, பெரும்பாலும் பச்சை மீன் துண்டு வைத்துத் தருகிற ஜப்பானியப் பண்டம். அவன் மறுநாள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் வேறு நாளும் இல்லை. அம்மா காலையிலேயே பெருமாளுக்குப் படைத்துவிட்டு, "நான் வீட்ல இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னார். மச்சான்தான் விடவில்லை. "அத்தை, வெள்ளரிக்காய் ரோல்னு ஒண்ணு இருக்கு, சுத்த சைவம். சும்மா வாங்க."

அருவங்காடு தாண்டியதிலிருந்தே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. போய்ச் சேர ஒன்றரை மணி ஆகிவிட்டது. கடை அழகாகத்தான் இருந்தது: மூங்கில் தட்டி, தாள் விளக்கு. வாசலில் கரும்பலகையில் 'உறைய வைக்காத புது மீன், தினமும் காலையில் கோழிக்கோட்டிலிருந்து' என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். மச்சான் அதைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தான். ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் கேட்காமலே கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தடை இருப்பதால் கண்ணாடி பாட்டில் சரிதான். ஒரு பாட்டில் 120 ரூபாய் என்பது பில்லில்தான் தெரிந்தது. இரண்டு திறந்திருந்தார்கள்.

அம்மாவுக்கு வெள்ளரிக்காய் ரோல். கூடவே குளிருக்கு இதமாக மிசோ சூப். பரிமாறுகிற பையனிடம் நானே தெளிவாகக் கேட்டேன்: "அம்மா இன்னிக்கு விரதம். இதுல மீன், முட்டை எதுவும் இல்லையே?" "சோயா பீன்ஸ் சூப் சார், சுத்த சைவம்" என்றான். அம்மா இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து முழுவதும் குடித்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து மச்சானுக்கு அதே சூப் வந்தது. ஒரு வாய் குடித்தவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் காலிக் கிண்ணத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்மா நல்ல வேளையாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிசோ என்பது சோயா பீன்ஸைப் புளிக்க வைத்து அரைத்த விழுது. அது சைவம்தான். ஆனால் அதைக் கரைக்கிற நீர் வெறும் வெந்நீர் கிடையாது. 'தாஷி' என்று ஒரு சாறு. பெரும்பாலும் சூரை இனத்து மீனைக் காயவைத்துப் புகையூட்டிச் சீவிய துருவலில் எடுப்பார்கள். நம் மாசிக் கருவாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்பாசியில் மட்டும் எடுக்கிற சைவத் தாஷியும் உண்டு, கேட்டால் செய்து தருகிற கடைகளும் உண்டு. இந்தக் கடையில் எல்லாமே பாக்கெட் தூள். மச்சான் எழுந்துபோய் அந்தப் பாக்கெட்டை வாங்கி, முதுகில் இருந்த ஜப்பானிய எழுத்தைப் படித்தான். மீன். இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் அசைவக் குறியும் பளிச்சென்று இருந்தது. அந்தப் பையன் சொன்ன பதில்: "அது மீன் இல்ல சார், மீன் பவுடர்தான்."

அவனைத் திட்டி என்ன பயன்? இருபது வயதுகூட இருக்காது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேனேஜர் வந்து, "கேக்குறவங்களுக்குச் சொல்லுவோம் சார்" என்றார். நான் கேட்டேன் என்பதுதானே விஷயம்!

அப்புறம் மீன். சால்மன் என்று 520 ரூபாய்க்கு இரண்டு துண்டு. மச்சான் மேனேஜரிடம் நிதானமாகக் கேட்டான்: "கோழிக்கோட்டுக் கடல்ல சால்மன் எங்கண்ணா இருக்கு?" நம் கடல்களிலேயே அந்த மீன் கிடையாது. நார்வே மாதிரி குளிர் நாட்டிலிருந்து வர வேண்டும். மேனேஜர் கொஞ்சம் மழுப்பிவிட்டு, உள்ளூர் டிரவுட் என்று ஒப்புக்கொண்டார். டிரவுட் கெட்ட மீன் இல்லை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அவலாஞ்சியில் வளர்க்கிற மீன்தான். வறுத்தால் அருமையாக இருக்கும். ஆனால் நன்னீர் மீனை உறைய வைக்காமல் பச்சையாகத் தருவது ஆபத்து.

எனக்கு அன்றுதான் தெரிந்த சங்கதி இது. பச்சையாகச் சாப்பிடுகிற மீனில் 'உறைய வைக்காதது' என்பது பெருமை இல்லை. சால்மன், டிரவுட் போன்றவற்றில் புழுக்களின் லார்வா இருக்கலாம். அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாளோ, மைனஸ் 35-ல் உறைய வைத்து 15 மணி நேரமோ வைத்திருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் அதற்குப் போதாது. ஆக, அந்தக் கரும்பலகை பொய் என்றால் ஏமாற்று, உண்மை என்றால் அதைவிட மோசம். மச்சான் வாசலில் சிரித்தது இதற்குத்தான்.

சூரை மீன் துண்டு இரண்டையும் மனைவி சாப்பிட்டிருந்தாள். "மிளகு போட்டிருக்காங்களா? நாக்கு சுருக்குங்குது" என்றாள். மிளகெல்லாம் போடவில்லை. அரை மணி நேரத்தில் முகம், கழுத்து எல்லாம் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. கடைக்காரர்கள் உடனே "மேடத்துக்கு அலர்ஜி" என்றார்கள். அவள் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில், சூரை சாப்பிட்டே வளர்ந்தவள். டாக்டர் முதல் கேள்வியாக "சூரையா, அயிலையா?" என்றுதான் கேட்டார். இந்த வகை மீன்களைச் சரியாகக் குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி மாதிரியே படுத்துகிற பொருளை உண்டாக்கிவிடுமாம். பிறகு உறைய வைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. நாக்கில் சுருக்கென்று படுவதே அடையாளம், அந்த இடத்திலேயே துப்பிவிட வேண்டும் என்றார். மாத்திரை கொடுத்தார், சாயங்காலம் தணிந்தது. நாலைந்து மணி நேர மலைப்பாதையில் அந்த மீன் எந்தப் பெட்டியில், எவ்வளவு ஐஸில் வந்ததோ.

சோறு பற்றியும் ஒரு வார்த்தை. சூஷிச் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டுமாம். இங்கே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து விறைத்துப் போயிருந்தது. அம்மா ரோலைக் கடித்துவிட்டு, "வினிகர் ஊத்துன பழைய சோறா தம்பி?" என்று மச்சானைக் கேட்டார். வசாபி என்பது சூஷிக்குத் தொட்டுக்கொள்கிற, ஒரு காரக் கிழங்கை அரைத்த விழுது. இங்கே அந்தப் பெயரில் வைத்த பச்சை விழுது வேறொரு காரக் கிழங்கும் கடுகும் சாயமும் சேர்ந்த டியூப் சரக்கு. ஜப்பானிலேயே பல கடைகளில் அப்படித்தான், அதற்குச் சண்டை போட வேண்டாம் என்று மச்சான் சொன்னான். இரண்டாவது முறை வைத்ததற்கு 80 ரூபாய் போட்டதற்குச் சண்டை போட்டிருக்கலாம்.

பில்: சாப்பாடும் தண்ணீரும் 4,000. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 400. அதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 220. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல தானா வருது சார்" என்றார்கள். அப்படித் தானாகச் சேர்க்கவே கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மனைவி அந்த நிலையில் இருந்ததால் பணத்தைக் கட்டிவிட்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பில்லில் கட்டாயம் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையே காணோம்.

திங்கட்கிழமை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பதிவு செய்தேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் பில் நகல், டாக்டர் சீட்டு, மச்சான் எடுத்த பாக்கெட் போட்டோ மூன்றையும் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எங்காவது இப்படி மாட்டினால் பாக்கெட்டைப் போட்டோ எடுக்க மறக்காதீர்கள். வாய்வார்த்தையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விரதம் இருக்கிறவர்களை அழைத்துப் போனால் "சைவமா?" என்று மட்டும் கேட்காமல், "தாஷி எதில் எடுத்தது?" என்று கேளுங்கள். அந்தச் சொல்லே தெரியாமல் விழித்தால் வெளியே வந்து பக்கத்து மெஸ்ஸில் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிடலாம்.

போன வாரம் முதலாளி போன் செய்து 400 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை வந்தால் 20 சதவீதம் தள்ளுபடி என்றும் சொன்னார். கரும்பலகையை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன், லைன் சரியாகக் கேட்கவில்லை என்றார். அம்மாவிடம் சூப் விஷயத்தை நாங்கள் சொல்லாமலே வைத்திருந்தோம். எப்படியோ தெரிந்துவிட்டது. ஐப்பசி பிறந்தும் ஒரு சனிக்கிழமை கூடுதலாக விரதம் இருந்தார். மச்சானிடம் மட்டும் போனில், "பரவால்ல தம்பி, தெரியாமத்தான?" என்றார். அவன்தான் இன்னும் தினமும் போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.