கைவிட்ட பிரேசிலை எடுத்து நடத்திய கதை: ஒன்லைன் கடற்படை விளையாட்டு அனுபவம்

இந்த ஒன்லைன் கடற்படை விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது நாடு கேட்காதீர்கள். யாராவது பாதியில் விட்டுப்போன நாடாகப் பார்த்து எடுங்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அப்படியொரு நாட்டைத்தான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நடத்துகிறேன்.

சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை இது. ஆளுக்கு ஒரு நாடு, காலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஒரு சுற்று என்றால் ஆட்டத்தில் அரை வருடம். வருகிற வருமானத்தைக் கப்பல் கட்ட, இருக்கிறதைப் பராமரிக்க, டொக் (கப்பலை ஏற்றிக் கட்டுகிற, திருத்துகிற துறை) பெருப்பிக்க, ஆராய்ச்சிக்கு என்று பிரித்து, ஆட்டம் முழுவதையும் மேற்பார்க்கிற நடத்துநருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சண்டை வருவதே அபூர்வம். எக்செல் கண்டால் கொட்டாவி விடுகிறவர்களுக்கு இது சரிவராது.

எனக்குக் கிடைத்தது பிரேசில். பக்கத்து ஆர்ஜென்டீனாவை நடத்துகிறவர் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அண்ணை. என்னை இதற்குள் இழுத்துவிட்டதும் அவர்தான்.

"தம்பி, முதல் சுற்றில ஒண்டும் கட்டாதை. ஒண்டையும் உடைக்கவும் வேண்டாம். உனக்கு முதல் இருந்தவன் என்னென்ன எழுதி வச்சிட்டுப் போனவன் எண்டு முழுக்க வாசி."

"நான் கட்டாட்டி உங்களுக்குத்தானே வசதி அண்ணை?"

"வசதிதான். அதுக்காக நான் சொல்லுறது பொய்யே?"

எதிரி நாட்டுக்காரர் சொன்ன புத்தி என்றாலும் கேட்டேன். கைக்கு வந்தது இதுதான்: மினாஸ் ஜெராய்ஸ், சாவ் பாவுலோ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள், பாதி கட்டிய மூன்றாவது ஒன்று, நாலைந்து பழைய குரூசர்கள் (நடுத்தரப் போர்க்கப்பல்கள்). நாசகாரிகள், அதாவது சின்ன வேகமான டெஸ்ட்ரோயர்கள், மருந்துக்கும் இல்லை. பெரிய கப்பலை ஏற்றுகிற அளவுக்கு நாட்டில் ஒரு டொக்கும் இல்லை. முதல் இரண்டும் உண்மையிலேயே இருந்தவை. பிரிட்டனில் கட்டி 1910இல் கடற்படையில் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் 12 அங்குலப் பீரங்கி 12. அதே வருடம் நவம்பரில் கசையடிக்கு எதிராக மாலுமிகள் கிளர்ந்து அந்தக் கப்பல்களையே கைப்பற்றினார்கள் என்பதும் வரலாறு. எனக்கு முதல் இருந்தவர் மாலுமிகளுக்கான செலவில் கைவைத்து மிச்சம் பிடித்திருந்ததைப் பார்த்தபோது அந்த நவம்பர்தான் நினைவுக்கு வந்தது.

பாதிக் கப்பலோடுதான் நிறைய நேரம் போனது. இந்த ஆட்டத்தில் கப்பலை ஸ்பிரிங்ஷார்ப் என்ற இலவச மென்பொருளில் வரைய வேண்டும். நீளம், அகலம், நீருக்குள் இறங்கும் ஆழம், பீரங்கி, கவசம், வேகம் எல்லாம் கொடுத்தால் உடற்பலம், நிலைத்தன்மை, கடலோட்டம் என்று அது கணக்குப் போட்டுத் தரும். உடற்பலம் 1.00இற்குக் கீழே போனால் எங்கள் நடத்துநர் கட்ட விடமாட்டார். முன்னவர் வடிவமைப்புக் கோப்பை வைத்துவிட்டுப் போகவில்லை, எழுத்து அறிக்கை மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகத் திரும்பத் தட்டினேன். அறிக்கையில் 1.00, எனக்கு வந்ததோ 0.94. பல இரவுகள் இதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பழைய சுற்றுக் குறிப்பு ஒன்றில் பிடிபட்டது: அறிக்கை எழுதிய பிறகு மேல்தளக் கவசத்தை மனிதர் தடிப்பாக்கியிருக்கிறார். கவசத்துக்குப் போன எடை கப்பலின் உடலில் இருந்துதான் போகும். பார்க்க வடிவான கப்பல், பெருங்கடலுக்குப் போனால் முறுகும்.

விற்றுவிட்டேன். இத்தாலியை நடத்துகிறவர் குறைந்த விலைக்குக் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். வரலாற்றிலும் பிரேசில் தன் மூன்றாவது கப்பலை 1913 கடைசியில் துருக்கிக்கு விற்றது. 1914 ஓகஸ்டில் பிரிட்டன் அதைப் பறித்து அஜின்கோர்ட் என்று பெயர் வைத்தது. ஏழு பீரங்கிக் கோபுரம், ஞாயிறு தொடங்கிச் சனி வரை கிழமைக்கு ஒன்றாகப் பெயர். விற்ற காசில் நான் ஒரு பெரிய டொக்கும் நாசகாரிகளும் போட்டேன். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லாத வேலை. ஆட்டம் திரும்பியது அங்கேதான்.

விற்க இன்னொரு காரணம் ரப்பர். ரப்பர் விலை 1910இல் உச்சிக்குப் போய்ப் பிறகு விழுந்தது, எங்கள் விதிப்புத்தகத்திலும் அப்படியே. பிரேசிலின் வருமானம் சுற்றுக்குச் சுற்று இளைக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசனில் இருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகள் இலங்கையில் கம்பஹா ஹேனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. பிறகு ஆசியத் தோட்டங்கள்தான் பிரேசிலின் சந்தையை விழுங்கின. கொழும்பில் இருந்துகொண்டு பிரேசிலுக்காக ரப்பர் விலையைத் திட்டுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கப்பல்களை விடச் சிக்கல், கொடுத்து வைத்த வாக்குகள். கடை வாங்கியவனிடம் கடன் கொப்பியையும் சேர்த்து நீட்டின மாதிரி. நிலக்கரி ஏற்ற ஒரு துறைமுகத்தைத் திறந்துவிடுவதாகச் சிலிக்கு வாக்கு; அதே துறைமுகத்தில் அந்நியப் போர்க்கப்பல் அண்டாது என்று ஆர்ஜென்டீனாவுக்கு இன்னொரு வாக்கு. அண்ணை முழுக்க வாசி என்றது இதற்காகத்தானோ என்று இப்போதும் சந்தேகம். ஒரு சுற்று முன்னறிவித்தல் கொடுத்துச் சிலியின் ஒப்பந்தத்தை நிறுத்தினேன். சிலிக்காரர் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. கணக்குக்கு ஞாயிறு நள்ளிரவு கிரீனிச் நேரம்தான் கடைசி. இங்கே அது திங்கள் காலை ஐந்தரை, வேலைக்குப் போகிற நாள். ஸ்பிரிங்ஷார்ப் விண்டோஸ் கணினி கேட்கும், ஃபோனை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடத்துநர் பிஸி என்றால் ஒரு சுற்று மாதக்கணக்கில் இழுபடும். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது, அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். சுற்று நடுவில் விதியை மாற்றுவதுதான் எரிச்சல்.

எடுக்க நினைத்தால், சம்மதம் சொல்ல முதல் வடிவமைப்புக் கோப்புகளையும் பழைய கடிதங்களையும் கேட்டு வாங்குங்கள். கோப்பு இல்லையென்றால் அடுத்த நாட்டைப் பாருங்கள். எங்கள் ஆட்டத்தில் இப்போது கிரேக்கம் காலி. வரலாற்றில் கிரேக்கம் 1914இல் அமெரிக்காவிடம் வாங்கிய இரண்டு பழைய போர்க்கப்பல்களை விட்டுப்போனவரும் வாங்கி வைத்திருக்கிறார். வேகம் போதாது, ஆனால் கோப்பு எல்லாம் இருக்கிறது, கடனும் பெரிதாக இல்லை.