டிரக்கோடு வரும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், வெளியில் வாங்கும் கன்ட்ரோலர்: ஓர் ஒப்பீட்டு மதிப்புரை

அமெரிக்காவில் பயண டிரெய்லரை இழுப்பதற்கென்று பிக்கப் டிரக் வாங்குபவர்கள் எஞ்சினின் திறனையும் இழுவை வரம்பையும் அலசி ஆராய்கிறார்கள். இழுக்கும் சுமையை நிறுத்தப்போகும் பிரேக் கன்ட்ரோலரைப் பற்றிக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது அங்கே பல மாநிலங்களின் சட்டம்; கலிஃபோர்னியாவில் முகாம் டிரெய்லர்களுக்கு அந்த வரம்பு 1,500 பவுண்டுதான். ஃபோர்டு டிரக்கில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரப்படும் கன்ட்ரோலரையும், வெளிச்சந்தையில் பலரும் நம்பி வாங்கும் டெகான்ஷா பிராடிஜி பி3 கருவியையும், இரண்டு அச்சுகள் கொண்ட டிரெய்லரை இழுத்துப் பார்த்த அளவில் இங்கே ஒப்பிடுகிறேன்.

டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டி, தான் பொருத்தப்பட்டுள்ள நெம்புகோலை இழுத்து, பிரேக் கட்டைகளை விரியச் செய்கிறது. எப்போது, எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான் கன்ட்ரோலரின் வேலை. இரண்டு கருவிகளும் அந்தத் தீர்மானத்துக்கு எப்படி வருகின்றன என்பதில்தான் உண்மையான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

பி3 தனக்குள் இருக்கும் முடுக்க உணரியைக் கொண்டு டிரக்கின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்து, அதற்கு ஏற்ற விகிதத்தில் டிரெய்லரின் பிரேக்கை இயக்குகிறது. ஆகவே டிரக் முதலில் வேகம் குறைய வேண்டும், அதன் பிறகே டிரெய்லருக்கு முழுக் கட்டளை போகும். ஃபோர்டின் கன்ட்ரோலரோ பிரேக் திரவத்தின் அழுத்தத்தையும் வண்டியின் வேகத்தையும் நேரடியாகப் படிப்பதால், ஓட்டுநரின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வேகம் குறைவதற்கு முன்பே அறிந்துகொள்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது: குறைந்த வேகத்தில் தொழிற்சாலைக் கருவி தன் விசையைத் தணித்துக்கொள்வதால், டிரெய்லர் வெடுக்கென்று பின்னுக்கு இழுப்பதில்லை. வழுக்கும் சாலையில் இது பாதுகாப்பு தொடர்பான விஷயமாகவே மாறிவிடுகிறது. டிரக்கின் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு, செயல்படத் தொடங்கினால் அந்தச் செய்தி கன்ட்ரோலருக்கும் எட்டுகிறது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், ஆட்டத்தை அடக்கும் அமைப்பு டிரெய்லரின் பிரேக்கையும் பயன்படுத்திக்கொள்கிறது. டாஷ்போர்டின் அடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் கருவிக்கு இந்தச் செய்திகள் கிடைப்பதில்லை. ஃபோர்டு இந்த ஏற்பாட்டை 2005 மாடல் சூப்பர் டியூட்டி டிரக்கில் கொண்டுவந்தது. ஜிஎம், ராம் போன்ற மற்ற நிறுவனங்களும் பின்னர் அதே வழிக்கு வந்தன.

இவ்வளவு சொன்ன பிறகும், பி3 ஒரு சிறந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. நான்கு அச்சுகள் வரை தாங்குகிறது; பிரேக்குக்குப் போகும் மின்னழுத்தத்தை எண்ணாகவே திரையில் காட்டுகிறது; கம்பி துண்டிக்கப்பட்டாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ தெளிவாகத் தெரிவிக்கிறது. சுமை அதிகமாக இருக்கும்போது தொடக்க விசையைக் கூட்டும் வசதியும் உண்டு. டிரக்கை விற்றாலும் கருவியைக் கழற்றி அடுத்த வண்டிக்கு எடுத்துச் செல்லலாம். டாஷ்போர்டின் அடியில் அதற்கென்று மின் இணைப்புச் செருகுவாய் உள்ள டிரக்குகளில், பொருத்தமான இணைப்புக் கம்பி இருந்தால் வேலை எளிதாக முடிந்துவிடும். கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, நேரத்தை மட்டும் கணக்கிட்டு இயங்கும் மலிவு விலைக் கன்ட்ரோலர்களைத்தான். பிரேக்கை மெல்லத் தொட்டாலும் பலமாக மிதித்தாலும் அவை முன்பே குறித்து வைத்த விசைக்கு ஒரே சீராக ஏறிக்கொண்டு போகின்றன. அவசரமாக நிறுத்த வேண்டிய கணத்தில் அது போதாது.

எந்தக் கருவியானாலும் கம்பியும் தரையிணைப்பும் சரியாக இல்லையென்றால் பயனில்லை. ஒரு காந்தத்துக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர் வேண்டும். நான்கு சக்கரங்களுக்கு 12 ஆம்பியர். மெல்லிய கம்பியிலும் துருப்பிடித்த முனையிலும் மின்னழுத்தம் வீணாகிவிட, கன்ட்ரோலரின் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் சக்கரங்களில் பிடி தளர்ந்திருக்கும். விசை அளவைக் குறித்து வைப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள்: காய்ந்த, சமமான, ஆளில்லாத சாலையில் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, கன்ட்ரோலரில் உள்ள, கையால் இயக்கும் நெம்புகோலை முழுவதும் அழுத்தி, டிரெய்லரின் சக்கரங்கள் சுழற்சி நின்று வழுக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே அளவை நிறுத்த வேண்டும். சுமை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்வது அவசியம்.

புதிய டிரக் வாங்குபவர்கள் தயங்காமல் தொழிற்சாலைக் கன்ட்ரோலரையே சேர்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. அது இல்லாத டிரக்கை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தொழிற்சாலைப் பாகத்தைப் பின்னர் தேடி வாங்கி, பொருத்தி, டிரக்கின் கணினியிலும் பதிவுசெய்யும் சிரமத்தை மேற்கொள்வதைவிட பி3 வாங்குவதே மேல். உங்கள் டிரெய்லரில் மின்சாரத்தால் இயக்கப்படும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள்: பி3 கருவியில் அதற்கென்று தனி அமைப்பு உண்டு, ஆனால் பழைய தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள் சில அத்தகைய பிரேக்குடன் ஒத்துப்போவதில்லை, ஆகையால் டிரக்கின் கையேட்டில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.