ரயில் வேலைக்கு இணைய வகுப்பு: உள்ளே நுழைய ஓகே, மேலே ஏற?

ரயில் வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று சொல்லும் ஓர் இணைய வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். பெயர் வேண்டாம். வேலை கிடைத்துவிட்டது, ஆனாலும் ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன்.

மருத்துவப் பரிசோதனை பற்றிய பாடம் அருமை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டுக் கண்ணில் கோட்டை விடுபவர்கள் உண்டு என்பதால், முதல் நாளே இஷிஹாரா அட்டைகளைக் காட்டிப் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எங்களுக்கெல்லாம் 74 என்று தெரிந்ததை ஒருவர் 21 என்றார், சிவப்பு-பச்சைக் குறைபாடு இருந்தால் அப்படித்தான் தெரியுமாம். டிரைவர் கனவில் வந்தவர், பாவம். திரையை நம்பாதே, கண் மருத்துவரிடம் போ என்று சொல்லி அனுப்பினார்கள், அது நியாயம். (1875-இல் சுவீடனில் நடந்த லாகர்லுண்டா ரயில் விபத்துக்கு நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்த ஹோல்ம்கிரென் என்ற சுவீடன் உடலியல் அறிஞர், பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்து ரயில் ஊழியர்களைச் சோதித்தாராம். கதை அங்கிருந்து ஆரம்பிக்கிறது.)

சிக்னல் பயிற்சியில் வீடியோ ஓடும், சிக்னல் கண்ணில் பட்டதும் அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அதிகாலை மூன்று மணிக்குக் கண் செருகும்போது என்னை உட்காரவைப்பதே அந்தக் குரல்தான்.

சரி, குறைக்கு வருவோம். புரமோஷன் பற்றி இருப்பது ஒரே ஒரு வீடியோ, அதிலும் "உழைத்தால் உயரலாம்" வகைப் பேச்சு. சீனியாரிட்டி பற்றி ஒரு வார்த்தை கிடையாது! பல இடங்களில் எந்த ரூட், எந்த ஷிஃப்ட், எந்த நாள் லீவு எல்லாமே யார் முதலில் சேர்ந்தார் என்ற சீனியாரிட்டிப் பட்டியலைப் பார்த்துத்தான், புதிதாக வருபவருக்கு மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட இரவு வேலைதான் மிஞ்சும். சரக்கு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே ஆகலாம், அதனால் எந்த வளைவுக்கு முன்னால் பிரேக் போடவேண்டும் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் அந்த ரூட்டில் தனியாக விடுவார்கள், அதையும் சொல்லவில்லை.

நான் யார்டில் ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை) பார்த்துவிட்டு, ரயில் ஓட்டும் ரன்னிங் பிரிவுக்கு மாறினேன். பிரிவு மாறியதால் சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று வகுப்புக்கு மெயில் போட்டேன். அது அடுத்த கட்டப் பயிற்சியில் வருகிறது, தனிக் கட்டணம் என்று பதில் வந்தது.