ஜியோன்ஜுவா, ஹாஹோவா?

கொரியாவில் பழைய வீடுகளைப் பார்க்க ஒரு நாள்தான் கிடைக்கிறதென்றால் எங்கே போவது?

ஜியோன்ஜு நகரில் ஹனோக் எனப்படும் பாரம்பரிய வீடுகள் சுமார் 700. தெருவெங்கும் காபிக் கடை, வாடகை ஹான்போக் (கொரியப் பாரம்பரிய உடை), கூட்டம். ஆனால் ஹான்ஜி காகிதத்துக்காகவே போகலாம். காகித மல்பெரிப் பட்டையை வேகவைத்து, அடித்து, வெண்டை இனச் செடியொன்றின் வேர்க்கோழையைக் கலந்து, மூங்கில் தட்டியில் அள்ளுகிறார்கள். அந்த வழவழப்புதான் நார்களை நீரில் சீராக மிதக்கவைக்கிறது.

ஹாஹோ வேறு ரகம். நக்டோங் ஆறு வளைத்துக்கொண்ட கிராமம்; 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரியூ குலத்தார் இன்றும் குடியிருக்கிறார்கள், எட்டிப்பார்த்துப் படமெடுக்காதீர்கள். முகமூடி ஆட்டத்தைத் தவறவிடவும் வேண்டாம். சில முகமூடிகளில் தாடை தனியே நூலில் தொங்கும்: ஆடுபவர் நிமிர்ந்தால் சிரிப்பு, குனிந்தால் கோபம். இமே என்ற கோமாளிக்குத் தாடையே கிடையாது.

என் ஓட்டு ஹாஹோவுக்கு. சாப்பாட்டுக்கு மட்டும் ஜியோன்ஜு பிபிம்பாப், காய்கறி கலந்த சோறு.