ரத்து, செல்லாது, வாபஸ்: எதை எழுதினால் எது நடக்கும்?

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. சில வருடங்களுக்கு முன் அதை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. அவன் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். ஏற்கெனவே யாரோ எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. "மேற்படி பத்திரத்தை ரத்து செய்து தருமாறு" என்று முடிந்திருந்தது. கொண்டுபோன இடத்தில், நீங்கள் எழுதிக் கொடுத்ததை நீங்களே ரத்து செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"எழுதின கை என்னோடதுதானே சாமி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அது உயிலாக இருந்திருந்தால் அந்தக் கைக்கு முழு அதிகாரம் உண்டு. 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதியவர் தெளிந்த மனநிலையில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம். ரத்து செய்யும் எண்ணத்தோடு கிழித்துப் போட்டாலும் ரத்துதான். தானம் அப்படியல்ல. வாங்கியவர் ஏற்றுக்கொண்ட பிறகு, கொடுத்தவரின் மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் அதை எடுக்க முடியாது. 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஆக, ரத்து என்று எழுதுகிறவர் கையில் முதலில் ரத்து செய்யும் உரிமை இருக்க வேண்டும்.

பாட்டிக்கு வேண்டிய சொல் 'செல்லாது'. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆவது பிரிவின்படி, என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அது செல்லாது என்று அறிவிக்கலாம். 'விரும்பினால்' என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். அவர் கேட்காதவரை பத்திரம் செல்லும். இந்த வகைக்குச் சட்டத் தமிழில் 'தவிர்தகு' என்று பெயர். நல்ல சொல். ஆனால் மனு எழுதுகிற எங்களில் யாரும் அதை எடுத்து ஆள்வதில்லை.

ரத்துக்கும் செல்லாதுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு, சாவு எந்தத் தேதியில் என்பதுதான். ரத்து என்றால் நேற்றுவரை உயிரோடு இருந்ததை இன்று முடிக்கிறோம். நேற்றுவரை அதன் பேரில் நடந்தவை பொதுவாக நிற்கும். செல்லாது என்பதன் முழுப் பொருளில், அதற்கு உயிரே இருந்ததில்லை. மைனர் எழுதிக் கொடுத்த அடமானத்தை 1903-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இந்த வகையில்தான் சேர்த்தது. இல்லாத ஒன்றை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை.

சொற்களின் பிறப்பிலேயே இதன் சாயல் இருக்கிறது. ரத்து அரபியிலிருந்து வந்தது; திருப்பித் தள்ளுவது என்று பொருள். தள்ள ஓர் ஆள் வேண்டும். செல்லாது நம் சொந்த வினை. செல்லாக்காசை யாரும் தள்ள வேண்டாம், அதுவாகவே நகராது. ஆனால் ஒரு குழப்பம் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது, முந்தின நாள் அதே நோட்டில் வாங்கிய அரிசி செல்லாமல் போய்விடவில்லை. அங்கே 'இனிமேல் செல்லாது' என்றுதான் பொருள். அதனால்தான் நான் மனுவில் வெறும் செல்லாது என்று எழுதுவதில்லை. 'தொடக்கம் முதலே' அல்லது 'இன்ன தேதி முதல்' என்று முன்னால் ஒன்று சேர்ப்பேன்.

செல்லாதது மறுபடி செல்லுமா? செல்லும். அதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது. கூடலூரில் 'செக்‌ஷன் 17 நிலம்' என்ற பேச்சைக் கேட்காமல் ஒரு டீ குடிக்க முடியாது. அது, ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உடைமை முறையை எடுத்த 1969-ஆம் வருட கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய பிரிவு. அந்தச் சட்டத்தில் ஜென்மக் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் நாடாளுமன்றம் 34-ஆவது திருத்தத்தின் மூலம் முழுச் சட்டத்தையும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தது. அந்த அட்டவணைக்குக் காவலாக நிற்கும் 31-பி உறுப்பின் சொற்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். அங்கே உள்ள சட்டங்கள், அடிப்படை உரிமைகளோடு முரண்படுகின்றன என்பதால் செல்லாதவை அல்ல, எப்போதும் செல்லாமல் போனதாகவும் கருதப்படாது, நீதிமன்றத் தீர்ப்பு எதுவாக இருந்தாலும் சரி என்கிறது அது. ஒரு வினையின் இறந்த காலத்தையே மாற்றி எழுதுகிற வாக்கியம்! அப்புறம் அதே கூடலூர் விவகாரம் ஒன்பது நீதிபதிகள் முன் போனது. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த சட்டங்களை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்போடு உரசிப் பார்க்கலாம் என்று 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரில் உள்ள 'ஒழிப்பு' வேறு ரகம். அது ஒழித்தது ஒரு முறையை. தாளுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தான் போட்ட சட்டத்தைத் தானே எடுப்பதற்கு அரசுத் தமிழில் 'நீக்கறவு' என்று பெயர். காதுக்குக் கரடு, ஆனால் பொருள் துல்லியம். 1897-ஆம் வருடப் பொது விதிகள் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி, வேறு எண்ணம் தெரியாதவரை, நீக்கறவுக்கு முன் கிடைத்த உரிமையும் ஏற்பட்ட பொறுப்பும் அப்படியே நிற்கும். பத்திரிகைகள் இதையும் ரத்து என்றே எழுதுகின்றன. அதில் எனக்குச் சண்டை இல்லை.

வாபஸ் என்று எழுதும்போதுதான் சண்டை. வாபஸ் என்றால் கொடுத்தவரே திரும்பப் பெறுவது. மனுவுக்கும் வேட்புமனுவுக்கும் அது சரி. வேளாண் சட்டங்கள் வாபஸ் என்று 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் அறிவித்தார். பலரும் அன்றே சட்டம் போய்விட்டது என்று நினைத்தார்கள். அந்த ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்திருந்தது, ஆனால் ஏட்டில் இருந்தன. நவம்பர் 29 அன்று நீக்கறவு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த பிறகுதான் போயின.

தாயகம் திரும்பிய குடும்பங்களின் பெரியவர்கள் பழைய இலங்கைத் தாள்களைக் காட்டும்போது 'வலிதற்றது' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறேன். வலிமை இல்லாதது. செல்லாதைவிட அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே உள்ள அலுவலகத்தில் அது புரியாது, அதனால் எழுத மாட்டேன்.

பாட்டியின் மனுவை இப்படி முடித்தேன்: "பராமரிப்பு நிபந்தனையை மீறியதால், மேற்படி செட்டில்மென்ட் பத்திரம் செல்லாது என 23-ஆவது பிரிவின் கீழ் அறிவிக்குமாறு வேண்டுகிறேன்." பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பயந்துகொண்டே பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "ஆயுள்வரை அன்னவஸ்திரம் கொடுத்து." அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்தோம்.